பாதைக்காரர் வீட்டுப் பாதை

பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய வீடுகளுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். சாலையோர வடிகாலின் குறுக்கே சிமெண்டுக் குழாய் பதித்து, அதன்மேல் மண்ணும் சரளையும் கொட்டி இறுக்கி, வண்டி வாசல்வரை வந்து நிற்கும்படி செய்துவிடுவார். அந்த வட்டாரத்தில் பாதைக்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் மனைவியே கோபம் வந்தால், "பாதைக்காரரே, சாப்பிட வர்ற உத்தேசம் உண்டா" என்றுதான் கூப்பிடுவாள்.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புது இடத்துக்குப் போனால் எடுத்த எடுப்பில் டேப்பைப் பிரிக்கமாட்டார், முளைக்குச்சி அடிக்கமாட்டார். வீட்டுக்கார ஆண் மார்பை நிமிர்த்திக்கொண்டு, தண்ணீர் இப்படி வரும், அப்படிப் போகும் என்று கையை வீசி விளக்குவார். இவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு அந்த வீட்டுப் பெண்களைக் கூப்பிடச் சொல்வார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வரும் அம்மாவிடம், "மழை பெஞ்சா தண்ணி எங்கம்மா நிக்கும்?" என்று கேட்பார். அந்த அம்மா விரலை நீட்டும் இடமும் ஐயா கையை வீசிய இடமும் ஒன்றாக இருந்ததே இல்லை. துணி காயப்போடுகிறவர்களுக்கும் குப்பை கொட்டுகிறவர்களுக்கும்தான் தண்ணீரின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி.

ஒரு வீட்டில் கணவன் ஒரு பக்கம் காட்ட, மனைவி இன்னொரு பக்கம் காட்ட, பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு மாமியாரிடம் போய், அங்கிருந்து கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போய்விட்டது. பாதைக்காரர் இறக்கிவைத்த குழாயின்மேல் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்து முடித்தார். பிறகு எழுந்து மனைவி காட்டிய இடத்தில் குழாயைப் பதித்துவிட்டு வந்தார். அந்தப் பாதை இன்றைக்கும் இருக்கிறது. அந்தச் சண்டையும் இருக்கிறது என்கிறார்கள்.

இத்தனை பேர் வாசலுக்கு வண்டி கொண்டுவந்த மனிதரின் சொந்த வீட்டுக்கு ஒரு சைக்கிள்கூட ஒழுங்காகப் போகாது. சாலையோர வடிகாலின்மேல் இரண்டு பலகை கிடக்கும். அதைத் தாண்டினால் குண்டும் குழியுமாக ஒற்றையடித் தடம், சரிவில் இறங்கி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும். டிராக்டரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இவர் நடந்து வருவார். யாராவது கேட்டால், "நம்ம வீடுதானே, எங்க ஓடிடப்போகுது" என்பார். மழைக்கு முன்னால் ஊரார் வேலை கழுத்தை நெரிக்கும். மழை இறங்கிவிட்டாலோ, அங்கே அரித்துவிட்டது, இங்கே குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆள்மேல் ஆள் வரும். விடியுமுன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். கோடையில் அலுப்பு. இப்படியே காலத்தை ஓட்டிவிட்டார்.

பருவம் தப்பி வந்த ஒரு மழைநாளில் அவர் மனைவி சமையலறைக்குப் பின்னால் வழுக்கி விழுந்தாள். துணி எடுக்க ஓடியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். பாதைக்காரர் அப்போது வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பாதையில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். மகளும் அக்கம்பக்கத்து ஆட்களும் அவளைப் போர்வையில் போட்டு, தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, அந்தத் தடத்தில் தள்ளாடிப் பலகையைத் தாண்டிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். வலியில் அவள் கத்தியதைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

முதுகெலும்பு போய்விட்டது. இனி எழுந்து நடக்கமாட்டாள் என்று மருத்துவர் பாதைக்காரரிடம் சொன்னார். மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் மென்று விழுங்கத் தெரியாதவர். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது, இனி மருத்துவமனைக் கட்டிலைப் பிடித்து வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்றார். போர்வையில் தூக்கியதிலேயே அடி இன்னும் மோசமாகியிருக்கிறது, இன்னொரு தடவை அப்படித் தூக்கினால் உயிருக்கே ஆபத்து என்றார். வண்டி வீட்டு வாசல்வரை குலுங்காமல் போகும் என்றால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். முடியாது என்றால் நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. அடுத்த வாரம் திங்கட்கிழமை அவர்கள் வண்டி வரும்போது ஏற்றி அனுப்பிவிடலாம். அங்கே போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்று இவர் கேட்டதற்கு, மருத்துவர் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாத பெண் அவள். அன்றைக்கு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை எங்கயும் அனுப்பிடாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அவ்வளவுதான். அன்று மதியமே அவர் கைவசம் இருந்த வேலைகளையெல்லாம் அப்படி அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வானம் ஏற்கெனவே ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தது. துணைக்கு அவர் மனைவியின் தம்பி வந்தான். மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அக்காவென்றால் உயிரை விடுவான். இவருக்கு அவன் மாப்பிள்ளை, அவனுக்கு இவர் மாமா.

கயிறு கட்டிப் புல்லையும் மேல்மண்ணையும் வழித்து எடுத்தார்கள். வேரோடு மண்ணை விட்டுவைத்தால் அது மக்கும், மக்கினால் பாதை இறங்கும். வடிகாலின் அடிமட்டத்துக்குச் சரியாக மணல் பரப்பி, ஓடும் பக்கம் ஒரு விரல் தாழ்த்திக் குழாயை இறக்கினார்கள். மூட்டுகளைக் கலவை வைத்துப் பூசினார்கள். குழாயின் இரு பக்கமும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இயந்திரத்தை நம்பாமல் பாதைக்காரர் தானே திமிசுக்கட்டையால் குத்தி இறுக்கினார். இரண்டு முனையிலும் கருங்கல் சுவர் எழுப்பினார். பிறகு பாதை. கீழே பெருங்கல், மேலே சரளை, நடுவில் லேசாக முதுகு வைத்து, இரு பக்கமும் தண்ணீர் வழிந்துவிடும்படி. தடம் வீட்டை நெருங்குகிற இடத்தில் சரிவு அதிகம் என்பதால், வண்டி குலுங்காமல் இறங்கவேண்டும் என்று அங்கே நல்ல உயரமாக மண்ணடித்து மேடாக்கினார். கிணற்றோரத்து மேடு என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

வேலை முடிந்ததும் தெரிந்தவர் ஒருவருடைய காரை வாங்கிவரச் சொன்னார். மாப்பிள்ளை ஓட்ட, பின்னிருக்கையில் மடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்தார். சாலையிலிருந்து வாசல்வரை போய் நின்றார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாப்பிள்ளை கண்ணாடியில் அவரைப் பார்த்து, அக்காவுக்கு இந்த மரியாதையை இருபது வருஷம் முன்னாலேயே கொடுத்திருக்கலாமே மாமா என்றான். வேறு நாளாக இருந்தால் அவனுக்கு நன்றாகக் கிடைத்திருக்கும். அன்று பாதைக்காரர் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. பாதைக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வாசற்படியில் நின்று பார்த்தார். சாலையோரக் குழாயில் தண்ணீர் சமர்த்தாக நுழைந்து சமர்த்தாக வெளியே போயிற்று. அதைப் பார்த்து மனம் குளிர்ந்து நிற்கும்போதே வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. என்ன ஏது என்று அவர் திரும்புவதற்குள், மேல்நிலத்திலிருந்து இறங்கிய தண்ணீர் கிணற்றைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த மேட்டில் முட்டியது. போக வழியில்லை. ஏரிக்கரை மாதிரி அவரே அணை கட்டி வைத்திருக்கிறாரே. தண்ணீர் ஏறியது. கொஞ்ச நேரத்தில் சமையலறைப் பக்கமிருந்து இன்னொரு வெள்ளம், முதலில் வந்ததைவிடப் பெரிதாக, அதோடு சேர்ந்துகொண்டது. பின்கதவு வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் இருந்த பாத்திரங்களை மிதக்கவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் தண்ணீரே தன் வழியைப் பார்த்துக்கொண்டது. மேட்டின்மேல் ஏறி, ஒரு பக்கத்தை அறுத்து, பெருங்கல்லையும் சரளையையும் வாரிக்கொண்டு மறுபக்கம் இறங்கியது. மழை விட்டபோது பாதையின் நடுவே ஒரு மாட்டுவண்டி விழும் அளவுக்குப் பள்ளம்.

அவர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றார். இந்த வீட்டில்தான் அவருக்குக் கல்யாணமாயிற்று, மகள் பிறந்தாள். இங்கே இப்படி ஒரு வெள்ளத்தை அவர் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

அவன் காலில் அப்பியிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்காகிட்ட கேட்டீங்களா மாமா?"

கேட்கவில்லை. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டவருக்குத் தன் வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. அவள் பேசமுடியாமல் கிடக்கிறாளா என்ன, தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தானே வந்தார். என் வீடு எனக்குத் தெரியாதா என்கிற நினைப்பு. கையை வீசி விளக்கும் ஆண்களைப் பார்த்து இத்தனை காலம் மீசைக்குள் சிரித்தவர், கடைசியில் அந்த வரிசையில் தானே போய் நின்றுகொண்டார். என்ன சொல்லித் திட்டுவது இந்த மனிதரை. திட்டுவதற்கும் மனம் வரவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குச் சொன்ன வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே மருத்துவமனைக்குப் போனார். கால் சேற்றைக் கழுவக்கூட இல்லை. வார்டில் வரிசையாக இரும்புக் கட்டில்கள், தலைக்கு மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. மகள் அம்மாவுக்குக் கரண்டியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவர் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஊராரிடம் சர்வசாதாரணமாகக் கேட்கிற கேள்வி, இங்கே கேட்க வரவில்லை. பாதை உடைந்த கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"மேல்நிலத்துத் தண்ணி அது. மழை விடாம பெஞ்சா வரும். மொதல்ல கெணத்துப் பக்கமா வரும், அது சின்னது. அது வடிஞ்சுதுன்னு நெனைக்கிறப்ப சமையலறைக்குப் பின்னாடி இன்னொண்ணு வரும். அதுதான் பெருசு."

"வந்தா என்ன பண்ணுவ?"

"மண்வெட்டியால தடத்துக்குக் குறுக்க வெட்டி விட்டுடுவேன். போயிடும். அப்புறம் மூடிடுவேன்."

"போனதுக்கு அப்புறம் எதுக்கு மூடணும்?"

"நீங்க இருட்டுல வருவீங்களே. கால் இடறிடக்கூடாதுன்னுதான்."

மழைக்காலம் முழுக்க, அவர் ஊரார் வீட்டுத் தண்ணீரை வடியவைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம், இவள் தனியாக நனைந்துகொண்டு வெட்டியிருக்கிறாள். அவர் வருவதற்குள் மூடி, மிதித்துச் சமப்படுத்தியிருக்கிறாள். அவர் அதன்மேல் நடந்து வந்து, கால் கழுவி, சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டார்.

"சொன்னேன். பார்க்கலாம்னீங்க."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். பார்க்கலாம் என்று எப்போது சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பார். அவருக்கே தெரியும்.

அப்படியானால் விழுந்த அன்றைக்கும் துணி எடுக்கப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அன்னிக்கும் அதுக்குத்தான் போனியா?" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் குனிந்து அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

மனைவிதான் பேச்சை மறுபடி எடுத்தாள். எங்கே குழாய் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். கிணற்றோரத்தில் ஒன்று என்றார். அங்கே ஒன்று சரி, சமையலறைப் பக்கத்துக்கு ஒன்று போதாது, இரண்டு வைக்கவேண்டும் என்றாள். எவ்வளவு ஆழம் வெட்டுவாய் என்று கேட்டார். முழங்கால் அளவு, அதற்குக் குறைந்தால் தண்ணீர் திரும்பிவிடும் என்றாள். படுத்தபடி அவளால் கையை மட்டும்தான் அசைக்க முடிந்தது. விரலால் படுக்கை விரிப்பில் கிணறு, சமையலறை, தண்ணீர் திரும்புகிற மூலை என்று ஒவ்வொன்றாகக் கோடு இழுத்துக் காட்டினாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த நர்ஸ், இருவரும் தலையோடு தலை முட்டும்படி பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பேசியிருக்கமாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பிப் போய்விட்டாள். அவள் நினைத்திருந்தால் அது உண்மைதான்.

திங்கட்கிழமைக்கு நாள் அதிகம் இல்லை. கடையில் அந்த அளவுக் குழாய் தீர்ந்துவிட்டிருந்தது. பாதியில் விட்டுவந்த ஒரு வீட்டு வாசலில் குழாய்கள் இறக்கியபடியே கிடந்தது நினைவுக்கு வந்து, அங்கே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வீட்டுக்காரர் இழுத்தார். "நாங்க இன்னொரு மழைக்கு நடந்துக்குவோம், நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து வந்து சொன்னது அந்த வீட்டம்மாள்தான்.

ஈரமண் இறுகாது. அதையெல்லாம் வாரி எறிந்துவிட்டு மணலும் சரளையுமாக நிரப்பினார்கள். கிணற்றோரத்தில் ஒரு குழாய், சமையலறைத் தண்ணீர் திரும்பும் மூலையில் இரண்டு. அவள் சொன்ன இடம், அவள் சொன்ன ஆழம். அந்த மூலையில் தோண்டும்போது மண் மற்ற இடத்தைப்போல இல்லாமல் பொலபொலவென்று வந்தது. வெட்டி மூடி, வெட்டி மூடிப் பழகிய மண். பாதைக்காரர் அதில் ஒரு பிடியை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். மாப்பிள்ளை இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அன்றைக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வந்தது. சாலையிலிருந்து வாசல்வரை பாதைக்காரர் வண்டிக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கொஞ்சம் ஒதுங்கினால் நான் பாட்டுக்குப் போய்விடுவேனே என்று ஓட்டுநர் தலையை நீட்டிச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்ட்ரெச்சரை அசங்காமல் இறக்கி, முன்னறையில் ஜன்னலோரம் போட்டிருந்த கட்டிலுக்கு மாற்றினார்கள். அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. கூரையையும் சுவரையும் ஜன்னல் கம்பியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வீடு ஈர வாடை அடிக்கிறது என்றாள். அடுப்படியில் தண்ணீர் புகுந்ததை மகள் சொன்னாள். என் பாத்திரமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

இரண்டொரு நாள் கழித்துப் பருவமழை வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆரம்பித்து ஒரே பிடியாகப் பெய்தது. பாதைக்காரரின் போன் அடித்தது. யார் வீட்டிலோ பாதை அரித்துக்கொண்டிருக்கும். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் எடுக்கவில்லை. மனைவி கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். இரண்டு கையும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தன, இதோ எழுந்துவிடப் போகிறவள் மாதிரி. அவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு உள்ளே வந்தார்.

"சின்னது வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு. போயிடுச்சு."

அவள் காது மழையிலேயே இருந்தது. பின்னால் அந்த இரைச்சல் கேட்டதும் அவள் கை இன்னும் இறுகியது. அவர் மறுபடி போனார். நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

"பெருசும் வந்துடுச்சு. ரெண்டு குழாயிலயும் போகுது. தடத்துல ஏறல."

இரைச்சல் வீட்டைத் தாண்டி, பாதையைத் தாண்டி, கீழ்நிலத்துப் பக்கம் தேய்ந்து போவதை இருவரும் கேட்டார்கள். அவள் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மறு கையையும் எடுத்தாள்.

"அப்ப நான் எந்திரிக்க வேண்டாம்," என்றாள்.

"வேண்டாம்மா," என்றார் பாதைக்காரர். அதற்குமேல் அவரால் முடியவில்லை. கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து நிமிர்ந்தபோது மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது, அவள் தூங்கிப் போயிருந்தாள்.